பலிபீடமும் பதிவேடும்
திருமணச் சட்டங்களும் மத நிறுவனங்களின் உரிமையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணம் பற்றிய தீர்ப்பை வழங்கியது. அந்த வழக்கு நடந்த நாள்களிலும் அதற்குப் பிறகும் சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுந்தது. "நாளைக்கு இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டால், நம்ம சர்ச்சில் இந்தக் கல்யாணத்தை நடத்தியே ஆகணும்னு சொல்லுவாங்களா? நடத்த மாட்டேன்னு சொன்ன பாஸ்டர் ஐயாவை ஜெயில்ல போடுவாங்களா?" கிறித்தவக் குடும்பத்தார் மட்டுமல்ல, கோவில் காரியம் பார்க்கிறவர்களும் இதைக் கேட்டார்கள்.

அடியேன் வக்கீல் அல்லன். முகூர்த்தப் புடவை வியாபாரம் செய்கிறவன். எந்த மதத்துக் கல்யாணமானாலும் புடவை எடுக்கக் கடைக்கு வந்துதானே ஆக வேண்டும்! கூறைப் புடவையும் விற்கிறேன், சர்ச் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டும் விற்கிறேன். கடை சாத்திய பிறகு சட்டப் புத்தகங்களையும் வரலாற்று நூல்களையும் படிப்பது நெடுநாள் பழக்கம். அந்தப் படிப்பில் தெரிந்த ஒன்றை இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மேலே கண்ட கேள்வி புதிதல்ல. இந்தியாவில் அதற்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பயப்பட வேண்டியது எது, பயப்பட வேண்டாதது எது என்று ஓரளவு விளங்கும்.

சடங்கும் சாட்சியும்

திருமணத்தில் இரண்டு காரியங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தெய்வத்தின் முன் நடக்கும் சடங்கு. மற்றொன்று, 'இவர்கள் கணவன் மனைவி' என்று ஊர் அறியச் சாட்சி வைப்பது. காதலர் நடுவே பொய்யும் தவறும் தோன்றிய பிறகே பெரியோர் கரணத்தை வகுத்தார்கள் என்ற பொருள்படத் தொல்காப்பியர் கூறுகிறார். கரணத்தின் வேலைகளில் ஒன்று சாட்சியாக நிற்பது என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்தே இருந்தது எனலாம்.

நம் ஊர்களில் இந்த இரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே நடந்தன. தனியாகப் பதிவேடு என்று ஒன்று ஏன் வந்தது? இதற்கு விடை இங்கிலாந்தில் கிடைக்கிறது. 1753-இல் அங்கே வந்த சட்டப்படி, யூதர், குவேக்கர் என்னும் இரு சாராரைத் தவிர எல்லோரும் இங்கிலாந்துத் திருச்சபையின் கோவிலில்தான் மணம் முடிக்க வேண்டும். கத்தோலிக்கரும் பாப்டிஸ்டுகளும்கூடத் தாம் ஏற்காத சபையின் குருவின் முன்னே நிற்க வேண்டியிருந்தது. அவர்களுடைய மனச்சாட்சிக்காகவே 1836-இல் புதிய சட்டம் இயற்றி, அரசுப் பதிவாளர் முன்னிலையில் மணக்கலாம் என்றும், பதிவுசெய்த தத்தம் வழிபாட்டு இடங்களில் மணக்கலாம் என்றும் வழி செய்தார்கள். இன்று பலர் மதத்துக்கு விரோதமானது என்று நினைக்கிற பதிவுத் திருமணம், மதச் சுதந்திரம் கேட்ட மக்களுக்காக வந்தது என்பதை மறக்கக் கூடாது.

1872: ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த ஆண்டின் 15-ஆம் சட்டம் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம். இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அப்போது சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது (சித்தூர் மாவட்டம் தனியாக அமைந்தது 1911 ஏப்ரல் 1-இல்தான்). அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தார் 1850-களில் தொடங்கிய ஆர்க்காட்டு மிஷனின் முதல் நிலையங்களில் சித்தூரும் ஒன்று. ஆகவே அந்தச் சட்டம் நம்ம ஊர்ச் சபைகளுக்கு ஆரம்பம் முதலே பொருந்தியது.

அதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். திருமணம் நடத்தி வைக்கத் தகுதியுள்ளவர் யார் என்று சட்டம் பட்டியல் இடுகிறது: ஆயர் வழியில் குருப்பட்டம் பெற்றவர், ஸ்காட்லாந்து சபையின் குரு, உரிமம் பெற்ற போதகர், அரசு நியமிக்கும் திருமணப் பதிவாளர், இந்தியக் கிறித்தவர்களுக்கு மணச்சான்று தர உரிமம் பெற்றவர் ஆகியோர். சபையின் குருவும் அரசின் பதிவாளரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் முடியாது என்றால் மற்றவரிடம் போகலாம். அடுத்து, 88-ஆம் பிரிவு. மணமக்களில் எவருடைய தனிச் சட்டமாவது தடுக்கிற திருமணத்தை இந்தச் சட்டம் செல்லுபடியாக்காது என்கிறது அது. ஓலை வாசித்து, ஆட்சேபம் கேட்டு, சபை விதிப்படி தகுதி பார்த்த பிறகே மணம் நடத்துகிற வழக்கத்தில் அரசு கை வைக்கவில்லை.

அதே ஆண்டின் 3-ஆம் சட்டம் வேறு கதை. வங்காளத்தில் கேசவ சந்திர சென் தலைமையில் இருந்த பிரம்ம சமாஜத்தார், விக்கிரகமும் பழைய சடங்குகளும் இல்லாமல் மணம் செய்துகொண்டார்கள். அது சட்டப்படி செல்லாது என்று அரசு வழக்கறிஞர் கருத்துச் சொல்லிவிட்டார். தங்கள் சமூகத்துச் சடங்கை ஏற்க மனமில்லாத எவரும் பதிவுத் திருமணம் செய்யலாம் என்று ஹென்றி மெய்ன் 1868-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெரிய எதிர்ப்பு! குடும்பம் கெட்டுவிடும், மதம் அழிந்துவிடும் என்றார்கள். தேவேந்திரநாத தாகூரின் ஆதி பிரம்ம சமாஜத்தாரும், நாங்கள் இந்துக்கள்தாம், எங்களுக்கு இது வேண்டாம் என்றார்கள். கடைசியில் சமரசமாக ஒரு நிபந்தனை வந்தது. பதிவாளர் முன் மணக்கிறவர், 'நான் கிறித்தவ, யூத, இந்து, முகமதிய, பார்சி, பௌத்த, சீக்கிய, ஜைன மதங்களில் எதையும் சேர்ந்தவன் அல்லன்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பட்டியலின் கடைசியில் எங்கள் மதமும் இருப்பதைப் பாருங்கள். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைக் கும்பிட்டு வளர்ந்த ஒரு தமிழ்ச் சமணன், 1900-இல் ஒரு வேளாளர் வீட்டுப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய நினைத்தால், 'நான் சமணன் அல்லன்' என்று எழுதித் தர வேண்டும். மதங்களின் மனம் நோகக் கூடாது என்று வைத்த நிபந்தனை, தனி மனிதனைப் பொய் சொல்லவோ மதத்தை விடவோ கட்டாயப்படுத்தியது. மதச் சுதந்திரத்தின் பெயரால் ஒருவனுடைய மதச் சுதந்திரமே பறிபோன விசித்திரம் இது.

1923: மறந்துபோன ஒரு ஷரத்து

இதைத் திருத்தப் பாடுபட்டவர் நாகபுரி வழக்கறிஞர் ஹரி சிங் கௌர். 1923-இன் 30-ஆம் சட்டப்படி இந்து, பௌத்த, சீக்கிய, ஜைன மதத்தார் தம் மதத்தை மறுக்காமலேயே ஒருவரை ஒருவர் பதிவுத் திருமணம் செய்யலாம் என்று ஆயிற்று. இவ்வளவுதான் எல்லோரும் சொல்லுவார்கள். அந்தத் திருத்தத்தில் இன்னொரு ஷரத்து உண்டு. நம் கேள்விக்கு நேரான விடை அதில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இப்படி மணந்தவருக்குச் சொத்துரிமை என்ன என்று சொல்லிவிட்டு, உடனே சட்டம் ஒரு வரம்பு போடுகிறது: இதனால் எவருக்கும் எந்த மதப் பதவிக்கோ, மத ஊழியத்துக்கோ, மத அறக்கட்டளை நிர்வாகத்துக்கோ உரிமை உண்டாகிவிடாது. அதாவது, உன் திருமணம் அரசின் கணக்கில் செல்லும், உன் சொத்து உனக்கு வரும், ஆனால் அதைக் காட்டி 'மடத்துப் பதவியைக் கொடு' என்று கேட்கச் சட்டம் உதவாது. இந்த ஷரத்தின் எல்லைகளை எல்லாம் சரியென்று நான் வாதாட வரவில்லை. அது பலருக்குக் கடுமையாகவும் இருந்திருக்கும். ஆனால் புதிய வகைத் திருமணத்தை ஏற்கும்போதே மத நிறுவனத்தின் உள் விவகாரத்துக்கு வேலி கட்டுவது, மேல்நாட்டில் இன்று கண்டுபிடித்த தந்திரம் அல்ல என்பதற்கு இது சான்று. இந்தியாவில் அது நூறாண்டுப் பழமை உடையது.

திருத்தணியும் நகரியும்

மத நிறுவனத்தைக் காக்க வேண்டும் என்பது ஒரு பக்கம். ஒருவருடைய சடங்கை அளவுகோலாக வைத்து மற்றவருடைய திருமணத்தை அளந்தால் என்ன ஆகும் என்பது மறுபக்கம். அதற்கு நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1928 முதல் புரோகிதரும் மந்திரமும் இல்லாத திருமணங்களை நடத்தி வந்தது. ஆயிரக்கணக்கான தம்பதிகள் மாலை மாற்றி வாழ்க்கை தொடங்கினார்கள். 1953-இல் தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கில், அப்படி நடந்த திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாத்திரச் சடங்கும் இல்லை, நிலைபெற்ற வழக்காறும் இல்லை என்பது காரணம். ஊர் உலகம் அறிய வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் தம்பதிகள் அல்லாமல் போனார்கள். பிள்ளைகளின் வாரிசுரிமை என்ன ஆவது?

1967-இல் அண்ணா முதலமைச்சரான பிறகு இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்தவையும் செல்லும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில், இதற்கு ஊரைக் கூட்டி விளம்பரம் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை என்று தெளிவாக்கியது.

இங்கே நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிரிவு தமிழ்நாட்டுக்கான திருத்தம். சித்தூர் 1953 அக்டோபர் 1-இலேயே ஆந்திர மாநிலத்துக்குப் போய்விட்டது. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாற்றி அமைத்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. இடையே சில மைல் தூரம்தான். திருத்தணி மண்டபத்தில் மாலை மட்டும் மாற்றிக்கொண்டால் 7அ துணைக்கு வரும். நகரி மண்டபத்தில் அதையே செய்தால் அந்தப் பிரிவு உதவாது. குல வழக்காற்றைக் காட்ட வேண்டும், அல்லது 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளரிடம் போக வேண்டும். 2024 ஏப்ரலில் டாலி ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சடங்கே நடக்காமல் பதிவு மட்டும் செய்திருந்தால் அது திருமணமாகாது என்றும் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கு எளிய கல்யாணம் நடத்த நினைக்கும் நம் குடும்பத்தார் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சரி, 7அ வந்ததனால் என்ன குடிமுழுகிப் போயிற்று? எந்தப் புரோகிதரையும் மந்திரம் சொல்லாமல் நடத்து என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் உபாத்தியாயர்கள் சமண முறைப்படி நடத்துகிற மணம் அப்படியே நடக்கிறது. அக்கினி வளர்க்கிறவர்கள் வளர்க்கிறார்கள். புதிய வாசல் திறந்ததனால் பழைய வாசல் அடைபடவில்லை.

அக்கா மகளும் தேவஸ்தான மண்டபமும்

சட்டம் அனுமதிக்கிற எல்லாவற்றையும் மத நிறுவனம் நடத்தித்தான் ஆக வேண்டுமா? இதற்கு நாம் தினமும் பார்க்கிற இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது உண்டு. தெலுங்குக்காரர்கள் மேனரிகம் என்று சொல்லும் உறவுத் திருமணங்கள் இந்த வட்டாரத்தில் சகஜம். இந்து திருமணச் சட்டம் மாமன் – மருமகள் உறவைத் தடுக்கப்பட்ட உறவுப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வழக்காறு இருந்தால் செல்லும் என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத்திலோ தாய்மாமன் அக்கா மகளை மணப்பது தடை. ஆயரிடம் விலக்கு வாங்கினால்தான் பங்குத் தந்தை நடத்தி வைப்பார். 'அரசாங்கச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செல்லுமே, எனக்கு ஏன் சாமியார் மறுக்கிறார்' என்று யாராவது வழக்குப் போடுகிறார்களா? அதுபோல விவாகரத்துப் பெற்றவர் மறுமணம் செய்யச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆனால் முதல் திருமணம் செல்லாதென்று திருச்சபை நீதிமன்றம் சொல்லாதவரை கத்தோலிக்கக் கோவிலில் மறுமணம் கிடையாது. மறுபக்கமும் பாருங்கள்: திருச்சபை நீதிமன்றம் ரத்துச் செய்தாலும் அரசு நீதிமன்றம் ரத்துச் செய்யாதவரை திருமணம் முறிந்ததாகாது என்று மோலி ஜோசப் வழக்கிலும் (1996), பிறகு 2017-இலும் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இரண்டு கணக்குகள், இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருவர் பேரேட்டில் மற்றவர் எழுத முடியாது.

இரண்டாவது, திருமலை. பாபவிநாசம் சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்யாண வேதிகை இருக்கிறது. 2016 முதல் அங்கே இலவசமாகவே திருமணம் நடத்தித் தருகிறார்கள். ஆனால் மணமக்களின் பெற்றோர் வர வேண்டும், காதல் திருமணமும் இரண்டாம் திருமணமும் அங்கே நடத்துவதில்லை என்பது தேவஸ்தான விதி. விதவை மறுமணத்துக்கு 1856 முதல் சட்டம் இருக்கிறது. காதல் திருமணத்துக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. இருந்தும், அரசாங்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேவஸ்தானமே தன் வேதிகைக்கு ஒரு விதி வைத்துக்கொள்கிறது. இந்த விதி நல்லதா என்பது வேறு விவாதம். சட்டம் தரும் அனுமதியும் சந்நிதி தரும் சம்மதமும் வேறு வேறு என்பது திருப்பதிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல என்பதைச் சொல்லவே இதை எடுத்துக்காட்டினேன்.

இதற்கு அரசியல் சாசன அடிப்படையும் உண்டு. 25, 26-ஆம் உறுப்புகள் மதச் சுதந்திரத்தையும், மதக் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் சமயப் பிரிவின் உரிமையையும் தருகின்றன. சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சிரூர் மடத்து வழக்கில் (1954) உச்ச நீதிமன்றம், எந்தச் சடங்கு தன் மதத்துக்கு இன்றியமையாதது என்று தீர்மானிப்பதில் சமயப் பிரிவுக்கு உரிமை உண்டு என்றது. பின்வந்த தீர்ப்புகளில் நீதிமன்றம் இதை நெருக்கிப் பிடித்திருக்கிறது என்பதும் உண்மையே. ஆனாலும் ஒரு போதகரைப் பார்த்து 'நீ இந்தத் திருமணத்தை ஆசீர்வதி' என்று உத்தரவு போடுவது இந்த உறுப்புகளைத் தாண்டி நடக்காது.

கடல் கடந்த அனுபவம்

2001-இல் நெதர்லாந்து தன்பாலினத் திருமணத்தை முதன்முதலாகச் சட்டமாக்கியது. கனடாவில் சட்டம் 2005-இல் வந்தது. அதற்கு முன்பே 2004 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மத குருக்களை அவர்கள் நம்பிக்கைக்கு மாறாக மணம் நடத்தக் கட்டாயப்படுத்த முடியாது என்று கருத்துரைத்தது. இங்கிலாந்தின் 2013 சட்டத்துக்கு 'நான்கு பூட்டு' என்று பெயர். எந்த மத நிறுவனத்தையும் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது, விரும்பும் சபை தானே முன்வந்து பதிவு செய்துகொண்டால்தான் நடத்தலாம், மறுப்பது பாகுபாட்டுக் குற்றமாகாது, இங்கிலாந்துத் திருச்சபையின் சொந்தச் சட்டம் மாறவில்லை. டென்மார்க்கில் 2012 முதல் அரசுத் திருச்சபையிலேயே இத்தகைய மணம் நடக்கிறது. ஆனால் விருப்பமில்லாத குரு மறுக்கலாம்.

ஆக, பலிபீடத்தின் முன்னே சண்டை அதிகம் இல்லை. சண்டை வந்த இடங்கள் வேறு. அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஓஷன் குரோவ் என்ற கடற்கரை ஊரில் மெதடிஸ்ட் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருந்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதாகச் சொல்லி அதற்கு வரிச்சலுகை வாங்கியிருந்தார்கள். 2007-இல் இரு பெண்கள் தங்கள் இணைவு விழாவுக்குக் கேட்டபோது மறுத்தார்கள். 2012-இல் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. கொலராடோ மாநிலத்தில் கேக் செய்ய மறுத்த கடைக்காரரின் வழக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், மாநில ஆணையம் அவர் மதத்தை மதிக்காமல் நடந்தது என்ற குறுகிய காரணத்தால் அவர் பக்கம் தீர்ந்தது. லண்டன் இஸ்லிங்டனில் ஓர் அரசுப் பதிவாளர், மதக் காரணம் சொல்லித் தன்பாலினத்தவரின் இணைவைப் பதிவு செய்ய மறுத்து, 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றார். சபை மண்டபம், கடை, அரசு மேசை என்ற இந்த மூன்று இடங்களில்தான் கோடு எங்கே போடுவது என்ற உண்மையான சிக்கல் இருக்கிறது.

இன்னொரு பெரிய விளைவும் உண்டு. அதைச் செய்தது அரசு அல்ல, சபைகளே. ஸ்கடர்களை அனுப்பிய அமெரிக்கச் சீர்திருத்தச் சபை இந்த விஷயத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடி, 2021-இல் கருத்து வேறுபட்ட சபைகள் பிரிந்துபோக வழி செய்தது. பல சபைகள் போய்விட்டன. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லூத்தரன் சபை, ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் விதைத்து, பின்னர் அமெரிக்க ஒஹாயோ லூத்தரன்கள் வளர்த்தது. அந்த ஒஹாயோ மரபு கலந்திருக்கும் அமெரிக்க லூத்தரன் சபை 2009-இல் தன்பாலின இணையோடு வாழ்பவர்களும் குருவாகலாம் என்று முடிவு செய்தது. அங்கேயும் பிரிவினை. வாத்திகன் 2023 டிசம்பரில், அத்தகைய இணையர்க்குத் தனியாக ஓர் ஆசி தரலாம், ஆனால் அது திருமணமாகாது என்று அறிக்கை விட்டது. சபைக்குள் வரும் இந்த மாற்றமும் மறுப்பும் சபையாரின் வேதப் படிப்பாலும் வாதத்தாலும் வருபவை. எந்தச் சட்டமன்றமும் அதைச் செய்துவிட முடியாது, தடுக்கவும் முடியாது.

நம் நாட்டில் இப்போதைய நிலை

2018 செப்டம்பர் 6-இல் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து தன்பாலின உறவு விடுபட்டது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு நம் தலைப்புக்கு மிகவும் பொருத்தம். தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018 அக்டோபரில் சங்கர ராமேசுவரர் கோவிலில் மணம் செய்துகொண்டார்கள். சந்நிதியில் கல்யாணம் முடிந்துவிட்டது, பதிவு அலுவலகம்தான் மறுத்தது! இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும், பதிவு செய் என்றார் நீதிபதி. பதிவேடுதான் மதத்துக்குப் பகை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இங்கே சாமி முன்னால் நடந்ததை ஏற்க மறுத்தது பதிவேடு.

2023 வழக்கில் ஐந்து நீதிபதிகள் பத்து நாள் வாதம் கேட்டார்கள். மதங்களின் தனிச் சட்டங்களுக்குள் போக மாட்டோம், சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டுமே பார்ப்போம் என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள். இருந்தும் பல மத அமைப்புகள் எதிர்த்தன. திருமணம் அடிப்படை உரிமை அல்ல, இது நாடாளுமன்றத்தின் வேலை என்று தீர்ப்பாயிற்று. திருமணம் அல்லாத சட்ட இணைவு உரிமையும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுக்கப்பட்டது. மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆயின. ஆயினும் சில கதவுகள் திறந்தன. கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் காட்டவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024-இல் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்திர உயர் நீதிமன்றம், விஜயவாடாவைச் சேர்ந்த வழக்கில் வயது வந்த இரு பெண்கள் சேர்ந்து வாழும் உரிமையைக் காத்தது. 2025 மே மாதம் வேலூர் மாவட்டக் காவல்துறைக்கு எதிராக வந்த ஆட்கொணர்வு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதல்ல என்று கூறியது. விஜயவாடாவும் வேலூரும் நமக்கு எவ்வளவு தூரம்? இது யாரோ சீமையில் இருப்பவர்களின் பிரச்சினை அல்ல. நம் தெருவில், நம் வீட்டிலும் இருக்கக்கூடும்.

முடிவாக

என் மதத்தில் இத்தகைய மணத்துக்குக் கரணம் இல்லை. எங்கள் உபாத்தியாயரை யாராவது கட்டாயப்படுத்தினால் நானே எதிர்த்து நிற்பேன். ஆனால் மேலே கண்ட வரலாறு எனக்கு வேறொன்றையும் கற்பிக்கிறது. 1872-இல் மதங்களின் பயத்துக்காகப் போட்ட நிபந்தனை எங்களைப் போன்ற சிறுபான்மையினரையே வாட்டியது. 1953-இல் பெரும்பான்மையின் சடங்கை அளவுகோலாக வைத்ததால் குடும்பங்கள் தெருவில் நின்றன. எனவே, நாடாளுமன்றம் என்றைக்காவது இப்படி ஒரு சட்டம் இயற்றினால், 1923-இன் ஷரத்தைப் போல, இங்கிலாந்தின் பூட்டுகளைப் போல, வழிபாட்டு இடத்துக்கும் குருவுக்கும் தெளிவான பாதுகாப்பை அதிலேயே எழுத வேண்டும். சபைகள் கேட்க வேண்டியது அந்தப் பாதுகாப்பைத்தான். பதிவேட்டையே மூடு என்று கேட்பதற்கு இந்த உரிமையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

மண்டபம், கடை பற்றி ஒரு வியாபாரியாக என் கருத்து இது. சபையார்க்கு மட்டும் என்று வைத்த மண்டபத்துக்குச் சபை விதி செல்லும். போர்டு போட்டு, வாடகை பேசி, ஊருக்கெல்லாம் விடுகிற மண்டபத்தில் வந்தவரை நிறுத்திக் குலம் கோத்திரம் கேட்பது கஷ்டம். அரசுச் சம்பளம் வாங்கும் பதிவாளருக்கோ அந்த மேசையில் தன் மதம் என்று ஒன்று கிடையாது. நம் வட்டாரத்துச் சபைகளும் அறக்கட்டளைகளும் தங்கள் மண்டபம் இதில் எந்த வகை என்று இப்போதே தீர்மானித்து விதிகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு வந்த பிறகு எழுதும் விதிக்கு மதிப்பு இருக்காது.

நம் சங்கத்து இளைஞர்களில் சட்டம் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். 7அ பிரிவு ஆந்திரத்தில் இல்லாததால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் சிரமங்களையும் சேர்த்து அவர்கள் ஆராய்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாஸ்டர் ஐயாவை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு, 'சந்நிதியில் நடத்துவது யார், பதிவேட்டில் எழுதுவது யார், இரண்டையும் பிரித்துப் பாருங்கள்' என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பவர் வீட்டிலேயே இந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். அதையும் மனத்தில் வைத்துப் பேசுங்கள்.